"எல்லாம் ஒண்ணுதான்" என்பது பதில் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க.

ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன் தேவாலயத் திருவிழாவுக்கு நம்ம ஆளுங்க எத்தனை பேர் போறோம்னு நமக்கே தெரியும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறின அதே கால்தான் அங்கேயும் போய் மெழுகுவத்தி ஏத்துது. போறதை நாங்க குறை சொல்லல, வேண்டுதல் அவங்கவங்க மனசு. (அந்த அன்னம்மாள் இயேசுவுக்குப் பாட்டி முறைன்னு போறவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது, அது வேற கதை.) ஆனா திரும்பி வந்து, "இயேசுவும் நம்ம முருகன் மாதிரி ஒரு சாமிதான், எல்லாம் ஒண்ணுதான்"னு சொல்றோமே, அதைத்தான் ஏத்துக்க முடியல.

அவங்க வேதம் அப்படிச் சொல்லவே இல்லை. ஏசாயா 43-ஆம் அதிகாரத்தில், தன்னைத் தவிர இரட்சகர் இல்லை என்று கடவுளே சொல்கிறார். புதிய ஏற்பாடு அந்தப் பட்டத்தை இயேசுவுக்குக் கொடுக்கிறது. யோவான் 14, அப்போஸ்தலர் 4 ரெண்டையும் படிச்சா வேற வழிக்கு அங்கே இடமே கிடையாது. அவர் மீட்பது கடன், வழக்கிலிருந்து இல்லை, பாவத்திலிருந்து. நமக்கோ கட்டு ஆணவம், கன்மம், மாயை. ஒருத்தர் கன்மத்துக்கு இன்னொருத்தர் ரத்தம் சிந்தினா தீரும்னு சைவ சித்தாந்தம் சொல்லல. பக்குவம் வந்த ஆன்மாவுக்குச் சிவனே குருவா வந்து மலம் நீக்குவார், திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகருக்கு வந்த மாதிரி. நோயும் வேற, மருந்தும் வேற. ஒண்ணுன்னு சொன்னா ரெண்டு பேரையும் அவமதிக்கிறோம்.

காலேஜ்ல நம்ம பிள்ளைகிட்ட ஒரு நண்பன் கேட்கிறான்: "இயேசுவை உன் சொந்த இரட்சகரா ஏத்துக்கிறியா?" இந்தச் சொற்றொடர் பைபிளில் அப்படியே இல்லை. ஆனாலும் அது ஊரையோ குடும்பத்தையோ கேட்காம, "நீ என்ன சொல்ற?"ன்னு அவனை மட்டும் கேட்குது. அதான் அதோட பலம். அவன் வீட்டுக்கு வந்து "நமக்கு யாரும்மா இரட்சகர்?"னு கேட்டா, "எல்லாம் ஒண்ணுதான், போய்ப் படி"ங்கிறோம். எல்லாம் ஒண்ணுன்னா அவன் ஏன் இங்கேயே இருக்கணும்? அப்புறம் ஞானஸ்நானம் வாங்கிட்டான்னு தெரிஞ்சதும் "மதம் மாத்திட்டாங்க"ன்னு வாட்சாப்புல கத்துறோம்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கத்தல. பெர்சிவல் பாதிரியாரோட உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்கவே உதவினவர் அவர். 1854-ல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினப்போ, எருசலேம் ஆலயத்துப் பலி, தீபம், தூபம் எல்லாத்தையும் அவங்க வேதத்திலிருந்தே எடுத்துக் காட்டித்தான் நம்ம பூஜைக்கு வாதாடினார். நாம அவங்க நூலையும் படிக்கல, நம்ம நூலையும் படிக்கல.

காவடி அலங்காரத்துக்கு ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிறோம். சமய வகுப்புன்னா மட்டும் பிள்ளைக்கு டியூஷன் வந்துடுது. அடுத்த வகுப்புக்குப் பிள்ளையை மட்டும் வாசல்ல இறக்கிவிட்டுட்டுப் போகாதீங்க. நீங்களும் உள்ளே வந்து உட்காருங்க, பாய் போட்டு வைக்கிறோம்.