கல்லூரி நகரின் கடன்

கல்லூரி ஒன்று அமைந்தால் ஊர் உயரும் என்பர். அது மெய்யே. ஆயினும், உயர்ந்த ஊரில் வாழ்வோர் எல்லோரும் உயர்ந்தனரா என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். அவ்வினாவுக்கு விடை காண, அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஏதென்ஸ் என்னும் நடுத்தர நகரை எடுத்துக்கொள்வோம்.

இந்நகர் கல்விக்காகவே பிறந்தது. ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்திற்கு 1785இல் பட்டயம் வழங்கப்பட்டது. 1801இல் ஜான் மில்லெட்ஜ் என்பார் 633 ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கி அதற்கு அளித்தார். கிரேக்கப் பேரறிஞர் வாழ்ந்த நகரின் பெயரையே புதிய ஊருக்கும் சூட்டினர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 1,27,315 பேர். பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவரோ நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர்.

ஆகவே, கல்வியாண்டே இந்நகரின் நாட்காட்டி. ஆகஸ்டில் மாணவர் வந்திறங்கியதும் கடைவீதி களைகட்டுகிறது. இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் அமெரிக்கக் கால்பந்து நடைபெறும்போது, 92,000க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய வளாக அரங்கு நிரம்பி வழிகிறது. மே மாதத்தில் தேர்வு முடிந்ததும் தெருக்கள் அமைதி கொள்கின்றன. 1980இல் இங்கே தோன்றிய ஆர்.இ.எம். இசைக்குழு உலகப் புகழ் எய்தியது. இளமையும் இசையும் நூலகமும் ஒருங்கே வாய்த்த இத்தகைய நகரில் வாழ யார்தான் விரும்பார்?

ஆனால், இதே நகரில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர் பல ஆண்டுகளாக ஏறத்தாழ நால்வரில் ஒருவராக இருந்து வருகின்றனர். வருமானமற்ற மாணவரும் இக்கணக்கில் சேர்வர் என்பது உண்மை. எனினும் அது முழு விளக்கமாகாது. நான்கு மாணவர் பகிர்ந்து தரும் வாடகையை, ஒருவர் ஈட்டும் கூலியில் வாழும் குடும்பம் எவ்வாறு தர இயலும்? வகுப்பறையைத் துடைப்பவரும் விடுதியில் சமைப்பவரும் நகரின் ஓரத்திற்குத் தள்ளப்படுகின்றனர். பல்கலைக்கழக நிலம் அரசுக்குரியது. அதற்குச் சொத்துவரி இல்லை. பள்ளிக்கும் சாலைக்குமான சுமையை எஞ்சியோர் தாங்குகின்றனர்.

இதனினும் ஆழமான காயம் ஒன்றுண்டு. 1961இல்தான், நீதிமன்ற ஆணையின் பேரில், கருப்பின மாணவர் இருவர் முதன்முதலாக அங்கே சேர்க்கப்பட்டனர். அவர்கள் சார்லேன் ஹண்டர், ஹாமில்டன் ஹோம்ஸ் ஆகியோர். அடுத்த ஆண்டே, 'நகர்ப் புதுப்பிப்பு' என்னும் பெயரால் லின்னன்டவுன் என்ற குடியிருப்பைக் கையகப்படுத்தும் பணி தொடங்கிற்று. அங்கிருந்த ஏறத்தாழ ஐம்பது கருப்பினக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்தம் இல்லங்கள் நின்ற இடத்தில் மாணவர் விடுதிகள் எழுந்தன. அங்கே சிறுமியாக வாழ்ந்த ஹாட்டி தாமஸ் ஒயிட்ஹெட் அவ்வரலாற்றை நூலாக்கினார். 2021இல் நகர மன்றம் அவ்வநீதியை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குள் அறுபது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

'பல்கலைக்கழகம் இல்லையேல் நகரே இல்லை. வளர்ச்சிக்குச் சிலர் விலை கொடுக்கத்தான் வேண்டும்' என்று கூறுவோர் உளர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. விலை கொடுத்தோர் ஒரு சாரார். பயன் துய்த்தோர் மற்றொரு சாரார். இதனை வளர்ச்சி என்பது எங்ஙனம்? அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவ்வகுப்பறைகளின் கதவு அன்று திறந்திருந்ததா?

ஒரு கல்லூரியின் பெருமையைத் தேர்ச்சி விழுக்காட்டால் அளக்கிறோம். கட்டடங்களின் உயரத்தால் அளக்கிறோம். அதன் மதிலை ஒட்டிய தெருவில் வாழ்வோரின் நிலையாலும் அளத்தல் வேண்டும். விரிவாக்கத்திற்கு நிலம் தேடும்போது அங்கே குடியிருப்போரை முதலில் கேட்டல், கடைநிலை ஊழியர்க்குக் குடும்பம் நடத்தப் போதிய ஊதியம் தருதல், நூலகத்தின் கதவை அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கும் திறந்து வைத்தல் ஆகியன பெருஞ்செலவில் நடக்கும் அருஞ்செயல்கள் அல்ல. நிர்வாகத்தில் அமர்ந்திருக்கும் பெரியோர் மனம் வைத்தால் போதும். மாணவர் துணை நிற்பர்.

கல்லூரிக்கு ஊர் இடம் கொடுத்தது. ஊர் மக்களுக்குக் கல்லூரி என்ன கொடுத்தது? இவ்வினாவுக்கு அறுபது ஆண்டுகள் கழித்து விடை சொல்வதினும் இன்றே சொல்வது நன்று.