ஏடும் ஒலியும்

நல்ல நூல் அச்சில் இருந்தால் போதாதா, அதற்கு ஒலிப் பதிப்பு எதற்கு என்று கேட்போர் நம்மிடையே பலர் உளர். எளிய கதைக்கு ஒலி பொருந்தும், சோதனை நாவலுக்குப் பொருந்தாது என்பது அவர்கள் துணிபு. அத்துணிபு சரியன்று என்பதே என் கருத்து.

சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலையே எடுத்துக்கொள்வோம். 1981இல் 'க்ரியா' வெளியிட்ட நூல் அது. ஜோசப் ஜேம்ஸ் என்னும் கற்பனை மலையாள எழுத்தாளனைப் பற்றிப் பாலு என்னும் தமிழ் எழுத்தாளன் திரட்டியவை ஒரு பகுதி, ஜே.ஜே.யின் நாட்குறிப்பு மற்றொரு பகுதி. கதைச்சரடைப் பற்றிக்கொண்டு ஓட வழியில்லை. நின்று, மீண்டும் புரட்டிப் படிக்க வேண்டிய நூல். காதுக்குப் பக்கம் ஏது, புரட்டுவது எங்ஙனம் என்கின்றனர் மறுப்போர்.

வாதத்தில் வலு உண்டு. இன்னொன்றும் சேர்த்துச் சொல்லலாம்: எது ஏளனம், எது ஏக்கம் என்று தேர்வது படிப்பவன் உரிமை, உரக்கப் படிப்பவர் குரல் அதனைப் பறித்துவிடக் கூடும்.

ஆயினும், இதனினும் கடினமான நூல் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸஸ்'. 1922இல் பாரிசில் வெளிவந்தது. 1924இலேயே ஜாய்ஸ் அதன் ஒரு பகுதியைத் தம் குரலில் இசைத்தட்டில் பதிந்தார். 1982 ஜூன் 16 அன்று அயர்லாந்து வானொலி நடிகர் குழுவைக் கொண்டு நாவல் முழுவதையும் ஏறத்தாழ 30 மணி நேரம் இடைவிடாது ஒலிபரப்பியது. அதனால் அச்சு நூல் அழிந்ததா? இல்லை. பேசுவது யார் என்று ஏட்டில் திகைத்தவர்க்கு மாறும் குரல்கள் துணையாயின.

நமக்கோ தேவை இன்னும் பெரிது. நான் பிறந்தது கோலார் தங்கவயலின் பாலகாட்டில். வட ஆர்க்காட்டிலும் சேலத்திலுமிருந்து சென்ற தமிழர் சுரங்கம் தோண்டிய மண் அது. அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்ட சித்தார்த்த புத்தகசாலை இருந்ததும் அத்தங்கவயலிலேதான். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அங்கே வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து, தமிழ் எழுத்தறியாத இளைஞர் பலர். தாய்மொழி காதில் இருக்கிறது, கண்ணில் இல்லை. அவர்க்கு அச்சு நூல் பூட்டிய கதவு அன்றோ?

ஒலி கிடைத்தால் எழுத்தைக் கற்கமாட்டார்கள் என்பாரும் உண்டு. சுந்தர ராமசாமியே தமிழ் எழுதப் படிக்கக் கற்றது 18ஆம் வயதில்தான். பேச்சாய் முன்னே வந்த மொழி, எழுத்தாய்ப் பின்னே வந்தது. வள்ளுவரும் 'கல்லாமை'யை அடுத்துக் 'கேள்வி' என்றோர் அதிகாரம் வைத்தார்.

ஆகவே ஒலிப் பதிப்பு வேண்டும். ஆனால் முறையோடு வேண்டும். சுருக்கலாகாது, பின்னணி இசை கூடாது. பாலுவுக்கு ஒரு குரல், நாட்குறிப்புக்கு வேறொரு குரல் அமையட்டும். ஒவ்வொரு பகுதியும் அச்சுப் பதிப்பின் பக்க எண்ணைச் சொல்லித் தொடங்கட்டும். அப்போது காதுக்கும் பக்கம் கிடைக்கும். கேட்பவர் விரலும் ஒருநாள் ஏட்டைத் தொடும்.

நம் சங்கம் பதிப்புரிமை உடையோரின் இசைவைப் பெற்று, ஒரே ஒரு பகுதியையேனும் இவ்வாறு பதிந்து பார்க்கட்டும். படிக்கத் தெரிந்த நாம் படிக்கத் தெரியாத தமிழர்க்குச் செய்யக்கூடிய சிறு கடமை இது. குரல் கொடுக்க முன்வருவோர் யார்?