வீட்டுக்குத் தெரியாத மூன்று வகுப்புகள்

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேரும் நாளிலிருந்து ஒரு பிள்ளையின் பெயரில் ஒரு கணக்கு ஓடத் தொடங்குகிறது. 2020ஆம் ஆண்டு முதல் மருத்துவப் படிப்பில் தமிழ்நாடு அரசு தரும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது நீண்டது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கு அதே தொகை தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்தே எண்ணுகின்றன. நடுவில் இங்கிலீஷ் மீடியம் ஆசையில் ஓராண்டு தனியார் பள்ளிக்கு மாற்றினால் கணக்கு அறுந்துபோகும். பிழைப்புக்காக நகரிக்கோ புத்தூருக்கோ போன குடும்பம் அங்கேயே ஓராண்டு சேர்த்துவிட்டாலும் அப்படித்தான். உறவும் தொழிலும் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கமும் விரிந்துகிடக்கும் திருத்தணி வட்டத்தில், திருவாலங்காடு ஒன்றியத்தின் ஊர்களில், இது எளிதாக நடந்துவிடக் கூடியது. தெரியாமல் பள்ளி மாற்றிய தாய்தகப்பனை ஆறு ஆண்டு கழித்துக் குறை சொல்லிப் பயனில்லை. சேர்க்கை நாளில் அவர்கள் கையில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டிய செய்தி அது.

ஆறு, ஏழு, எட்டு ஆகிய இந்த மூன்று வகுப்புகளில்தான் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே பேச்சு மெலிகிறது. தொடக்க வகுப்புகளில் ஒரே ஆசிரியர் நாள் முழுதும் பிள்ளைகளோடு இருக்கிறார். கொண்டுவந்து விடும் அம்மா அவரை வாசலில் பார்க்கிறார். ‘நேத்து ராத்திரி காய்ச்சல் டீச்சர்’ என்ற ஒரு வரியிலேயே பாதி விவரம் கைமாறிவிடும். ஆறாம் வகுப்புக்கு வந்தபின் பாடத்துக்கொரு ஆசிரியர். பிள்ளையும் தானே நடந்தோ சைக்கிள் மிதித்தோ போய்வரும். பின்னங்களில் அது தடுமாறுவது கணக்கு ஆசிரியருக்குத் தெரியும். வாரத்தில் ஒரு நாள் மட்டம் போடுவது வருகைப் பதிவேட்டில் இருக்கும். நன்றாகப் பாடும் என்பதை இன்னொருவர் கவனித்திருப்பார். இவை எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து வீட்டுக்குப் போய்ச் சேர வழி இல்லை. அந்த வயதுப் பிள்ளையும் பள்ளியில் நடந்ததை வீட்டில் சொல்வதைக் குறைத்துக்கொள்கிறது. ஆக, சொல்லக்கூடிய வாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூடிக்கொள்கின்றன.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்ற கொள்கையில் தமிழ்நாடு நிற்கிறது. 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தலாம் என்றபோதும் மாநிலம் அதை ஏற்கவில்லை. அந்த முடிவு சரி என்பதே நம் நிலை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பெயிலாக்கி உட்காரவைத்தால், ஏழை வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அநேகமாக அது பள்ளிக்குத் திரும்பாது. ஆனால் பெயில் என்ற சொல், கொடுமையான வழியிலேனும், வீட்டுக்கு ஒரு சேதி கொண்டுபோனது. அந்தச் சேதியை எடுத்துவிட்டவர்கள் அதன் இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் ஆண்டுதோறும் ‘பாஸ்’ என்று கேட்டுவந்த பெற்றோர், தம் பிள்ளைக்குப் பத்தி ஒன்றைத் தடுமாறாமல் படிக்க வராது என்பதை ஒன்பதாம் வகுப்பின் நடுவில்தான் அறிவார்கள். அப்போது கல்வி உரிமைச் சட்டத்தின் கையும் விலகியிருக்கும். அச்சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயதுவரைதான் பேசுகிறது. அதன்பிறகு பிள்ளை படிப்பதும், விசைத்தறிக்கோ செங்கல் சூளைக்கோ போவதும், பெண்ணாக இருந்தால் கல்யாணப் பேச்சு தொடங்குவதும் வீட்டின் முடிவு. முடிவெடுக்கப்போகிறவர்களை மூன்று ஆண்டுகள் இருட்டில் வைத்துவிட்டு, பின்னால் இடைநிற்றல் கணக்கெடுத்துக் கவலைப்படுகிறோம்.

பெற்றோருக்கு விவரம் சொல்வது ஆசிரியரின் நல்ல மனத்தைப் பொறுத்த விஷயமாக நம் ஊர்களில் கருதப்படுகிறது. சட்டம் அப்படிக் கருதவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாகவே இதை எழுதிவைத்திருக்கிறது. பெற்றோரை முறையாகக் கூட்ட வேண்டும். பிள்ளை ஒழுங்காக வருகிறதா, கற்கும் திறன் எப்படி, எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பவற்றையும் பிள்ளையைப் பற்றிய மற்ற விவரங்களையும் தெரிவிக்க வேண்டும். பாடத்தை முடிப்பதும் இதுவும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. பாடம் முடியவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர் கேள்வி கேட்பார். பெற்றோருக்கு என்ன சொன்னீர்கள், எப்போது சொன்னீர்கள் என்ற கேள்வியும் அதே கண்டிப்போடு கேட்கப்பட வேண்டும்.

சொல்லாமல் விட்டதன் விலையை ரூபாயிலும் காட்டலாம். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வில் தேர்ந்தெடுக்கப்படும் பிள்ளைக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், திருவாலங்காட்டைச் சுற்றியுள்ள கூலி வீடுகளில் பெரும்பாலானவை உள்ளே வந்துவிடும். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். கேள்விகளோ வகுப்புப் பாடம் மட்டுமல்ல. மனத்திறன் தாளுக்குத் தனிப் பழக்கம் வேண்டும். ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் ஒரு வரம்பு உண்டு. அதாவது, எட்டாம் வகுப்பில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் தாள், ஏழாம் வகுப்பில் கவனிக்காத வீட்டுக்குக் காலம் தாழ்ந்தே வருகிறது. அக்கறையுள்ள ஆசிரியர்கள் மாலையில் நிறுத்திப் பயிற்சி தருகிறார்கள். அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் ‘எதுக்கு லேட்டா வர்ற’ என்று கேட்டு மகளை மறுநாள் நிறுத்திவிடும் வீட்டுக்கு, அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு என்னவென்று யாராவது சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவும், குறுவட்ட விளையாட்டுப் போட்டியும் இப்படித்தான். பள்ளியில் வென்ற பிள்ளை அடுத்த சுற்றுக்கு வெளியூர் போக, வீட்டின் சம்மதமும் கொஞ்சம் பணமும் வேண்டும். முதல் நாள் இரவில் வந்து சொல்லும் பிள்ளைக்குக் கூலி வீட்டில் கிடைக்கும் பதில் என்னவென்று ஊகிக்கலாம்.

வீட்டுக்குச் சொன்னால் உண்மையில் மாற்றம் வருமா என்பதைப் பிற நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சிலி நாட்டின் சாந்தியாகோ வட்டாரத்தில், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில், நான்கு முதல் எட்டு வகுப்புவரையான பிள்ளைகளின் வருகை, நடத்தை, கணக்கு மதிப்பெண் ஆகியவற்றைக் குறுஞ்செய்தியாகப் பெற்றோருக்கு அடிக்கடி அனுப்பினார்கள். கணக்கு மதிப்பெண் உயர்ந்தது, வருகையும் கூடியது. டொமினிக்கன் குடியரசில் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் செய்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. எட்டாம் வகுப்புப் பையன்களிடம், மேலே படித்தவர் எவ்வளவு சம்பாதிக்கிறார், படிப்பை நிறுத்தியவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்ற உண்மைக் கணக்கை மட்டும் சொன்னார்கள். பணமோ பொருளோ தரவில்லை. கேட்ட பையன்கள், கேட்காதவர்களைவிடச் சராசரியாக 0.20 முதல் 0.35 ஆண்டுவரை கூடுதலாகப் படித்தார்கள். பின்னம்தானே என்று தள்ளிவிடக் கூடாது. குறைந்தபட்சம் ஐந்து பையன்களில் ஒருவன் முழுதாக ஓராண்டு கூடுதலாகப் படித்ததற்குச் சமம் அது, அதுவும் ஒருமுறை சொன்ன சொல்லால்.

எதிர்வாதத்துக்கும் நம் நாட்டிலேயே வலுவான சான்று இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ முதலியோர் 2005-06இல் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஊர்க் கூட்டங்கள் போட்டு, கிராமக் கல்விக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதன் அதிகாரங்கள் இவை, உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் நிலை இது என்று எடுத்துச் சொன்னார்கள். அரசுப் பள்ளியில் எதுவும் மாறவில்லை. ஊர்த் தொண்டர்கள் நேரடியாக வாசிப்பு வகுப்பு எடுத்த இடங்களில்தான் பிள்ளைகள் முன்னேறினார்கள். இதைப் படித்துவிட்டு, பெற்றோருக்குச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வருவோர் உண்டு. ஆனால் அங்கே பெற்றோர் பெரும்பாலும் கேட்டது ஒரு குழுவைப் பற்றியும் ஊரின் மொத்த நிலையைப் பற்றியும். அதைக் கேட்டு அவர்கள் செய்ய வேண்டியிருந்ததோ கூட்டாகப் போராடி ஒரு நிர்வாகத்தைத் திருத்துவது. சிலியில் தாய்க்கு வந்தது தன் மகளைப் பற்றிய சேதி. அதன்மேல் அன்று இரவே அவள் ஏதாவது செய்ய முடியும். நாம் கேட்பது இந்த இரண்டாம் வகையை. பள்ளி மேலாண்மைக் குழுவின் இருபத்துச் சொச்சம் உறுப்பினர்களுக்குத் தெரிவித்தாகிவிட்டது என்பது, அறுபது எழுபது வீடுகளுக்குத் தெரிவித்ததாக ஆகாது.

‘கூப்பிட்டால் வருவதில்லை’ என்பது பள்ளிகள் சொல்லும் அடுத்த காரணம். எப்போது கூப்பிடுகிறோம்? மேலாண்மைக் குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் நடக்கும். நூறு நாள் வேலைத் தளத்தில் ஒரு நாளில் இருமுறை படம் எடுத்து வருகை பதிகிறார்கள். பிற்பகல் கிளம்பிவந்தால் அன்றைய கூலிக்கு ஆபத்து. விசைத்தறிக்காரருக்கு ஓடிய தறிக்குத்தான் காசு. விடியற்காலை அரக்கோணம் தடத்து ரயிலில் ஏறிச் சென்னைப் பக்கம் வேலைக்குப் போகிறவர் இருட்டிய பிறகே இறங்குகிறார். 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுதும் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடத்தியபோது அரசு தேர்ந்தெடுத்தது ஞாயிற்றுக்கிழமையை. அந்த ஒருநாள் யோசனையை ஏன் வழக்கமாக்கக் கூடாது? பருவத்துக்கு ஒரு ஞாயிறு போதும், ஆசிரியர்களுக்கு ஈடுசெய் விடுப்போடு. இன்னொரு தடை மொழி. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணிப் பகுதி சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இன்றும் எத்தனையோ வீடுகளில் அடுப்படி மொழி தெலுங்கு. எழுதப் படிக்கத் தெரியாத இருளர் குடும்பங்களும் இருக்கின்றன. இவர்களுக்குத் தமிழில் அச்சடித்த சுற்றறிக்கை வெறும் காகிதம். படித்துக் காட்ட ஆள் வேண்டும். தெலுங்கில் சொல்ல ஊரிலேயே ஆள் உண்டு.

ஆசிரியர்களின் குறை நியாயமானது. கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளத்தில் பதிவது, நலத்திட்டப் பொருள் கணக்கு, கணக்கெடுப்புப் பணிகள் என்று பாடம் நடத்தும் நேரமே பறிபோகிறது என்கிறார்கள். அதன்மேல் இன்னொரு படிவத்தை ஏற்றினால் நிரப்பப்படும், பயன்படாது. அதனால்தான் புதிதாகத் தொகுக்க எதையும் நாம் கேட்கவில்லை. வருகையும் மதிப்பெண்ணும் ஏற்கனவே எமிஸில் இருக்கின்றன. 2024இல் பெற்றோரின் கைபேசி எண்களை ஓ.டி.பி. வைத்துச் சரிபார்க்கும் வேலையும் நடந்தது. மேலதிகாரிக்கு ஓடும் விவரம் வீட்டுக்கும் ஓட ஏற்பாடு செய்ய வேண்டியது துறை. அதைத் தலைமை ஆசிரியரின் தலையில் கட்டக் கூடாது. வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே நல்ல கைபேசி பல நேரம் அப்பாவின் பையில் இருக்கும். அல்லது எந்தப் பிள்ளையைப் பற்றிய சேதியோ அந்தப் பிள்ளையின் கையிலேயே இருக்கும். வருகைச் செய்தியை அது அழித்துவிட எத்தனை நொடி ஆகும்?

இதைவிடக் கனமான அச்சம் ஒன்று இருக்கிறது. மதிப்பெண் குறைவு என்று சொல்லியனுப்பினால், அன்று இரவு வீட்டில் அடி விழலாம். பெண் பிள்ளை என்றால் ‘படிப்பு வரலைன்னா நிறுத்திடலாம்’ என்ற பேச்சு எழலாம். பிள்ளைமேல் அன்புள்ள ஆசிரியர்கள் சிலர் இந்தப் பயத்தாலேயே வாய் திறப்பதில்லை. சொல்லும் விதத்தில்தான் இதற்கு விடை. எண்ணையும் ரேங்கையும் மட்டும் அனுப்பக் கூடாது. வகுத்தலில் தடுமாறுகிறாள், தினமும் நான்கு கணக்குப் போட்டால் இரண்டு மாதத்தில் சரியாகும், அறிவியலில் நன்றாகக் கேள்வி கேட்கிறாள் என்று சொன்னால், தகப்பன் கையில் கோபத்துக்குப் பதில் ஒரு வேலை இருக்கும். ஒரு பிள்ளையின் விவரம் அதன் வீட்டுக்கு மட்டும் போக வேண்டும். பலகையில் ஒட்டவோ குழுவில் பரப்பவோ கூடாது. மௌனம் இந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றாது. அடியை எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குத் தள்ளிவைக்கும், அவ்வளவுதான்.

எல்லாருக்கும் பொதுவான செய்திக்கு வேறு வழி. அது உரத்துச் சொல்லப்பட வேண்டியது. பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு இராசேந்திர சோழன் கொடுத்தபோது அரசாணை ஓலையோடு நின்றுவிடவில்லை. நாட்டார் கூடி ஆணையை ஏற்று, பெண் யானையை நடத்தி எல்லை காட்டி, ஊர் பார்க்க நிறைவேற்றியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு பதிந்துவைத்திருக்கிறது. ஊரறியாத ஆணை நிலைக்காது என்று தெரிந்தவர்கள் அவர்கள். இன்றைக்குத் திருவாலங்காடு ஒன்றியத்தில் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியும் மாதத்துக்கு ஒரு தாள் எழுதினால் போதும்: இந்த மாதம் ஒவ்வொரு பாடத்திலும் என்ன நடக்கிறது, எந்த நாளில் தேர்வு, எந்த நாளில் போட்டி அல்லது சுற்றுலா, எந்த உதவித்தொகைக்கு எந்தச் சான்றிதழை எப்போதைக்குள் வாங்க வேண்டும். அது பள்ளிச் சுவரில் மட்டும் இருந்தால் போதாது. ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் ரயில் நிலையத்துக்கு வெளியே டீக்கடையிலும் ஒட்டப்பட வேண்டும். கிராம சபைகளில் தமிழிலும் தேவைப்படும் ஊர்களில் தெலுங்கிலும் வாசிக்கப்பட வேண்டும். காகிதச் செலவை ஊராட்சி ஏற்கலாம், சிறிய தொகை. ஒட்டவும் வாசித்துக் காட்டவும் மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர்களே பொறுப்பேற்கட்டும். அந்தக் குழுவுக்கு அதைவிட உருப்படியான வேலை வேறில்லை.

வட்டாரக் கல்வி அலுவலர் இதற்கு மேலிட உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 24ஆம் பிரிவே போதிய உத்தரவு. முதல் தாளை அக்டோபர் 2 கிராம சபைக்குள் கொண்டுவந்துவிடலாம். அதில் முதல் வரியாக, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று இருக்கட்டும்: அடுத்த ஆண்டு உங்கள் பிள்ளை எழுதக்கூடிய ஒரு தேர்வு இருக்கிறது, அதற்கு இந்த ஆண்டு மதிப்பெண் வேண்டும், வருமானச் சான்றிதழுக்கு இப்போதே மனுக் கொடுங்கள்.