மைட்டோகாண்ட்ரியா: விடுபட்ட மறுபாதி

"செல்லின் ஆற்றல் நிலையம் மைட்டோகாண்ட்ரியா" என்று எழுதினால் இரண்டு மதிப்பெண். நானும் எழுதி வாங்கியவன்தான். ஆனால் அது பாதி விடை என்பதே என் வாதம்.

தலைப்பிரட்டையின் வால் எங்கே போகிறது? கருவில் துடுப்புப் போலிருந்த நம் கை ஐந்து விரல்களாய்ப் பிரிவதெப்படி? இடையிலுள்ள செல்கள் தாமே மடிகின்றன. இதற்குக் கெர், வில்லி, கரி என்னும் மூவர் 1972-இல் 'அப்போப்டோசிஸ்' என்று பெயரிட்டனர். கிரேக்கத்தில், இலை உதிர்தல்!

1996-இல் சியாவோடாங் வாங் குழுவினர் கண்டதுதான் வியப்பு. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எலெக்ட்ரான் சுமந்து ஆற்றலுக்கு உதவும் சைட்டோகுரோம்-சி, வெளியே கசிந்தால் காஸ்பேஸ் நொதிகளைத் தூண்டிச் செல்லையே சிதைக்கிறது. சோறாக்கிய கையே கொள்ளியும் வைக்கிறது! பிசிஎல்-2 என்ற புரதம் இக்கசிவைத் தடுக்கும். அது மிகுந்தால், சாக வேண்டிய செல் சாகாது. புற்றுநோய்க்கு அதுவும் ஒரு வழி. அப்புரதத்தை அடக்கும் வெனிட்டோகிளாக்ஸ் மருந்து 2016-இல் அமெரிக்காவில் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். புற்றுநோயில் போன அத்தையின் கருமாதியன்று அம்மா கேட்டாள்: "இவ்வளவு படிக்கிறியே, நல்லா இருந்த ஒடம்புல இது எப்படிடா வருது?" இரண்டு மதிப்பெண் விடை அங்கே உதவவில்லை.

வினாத்தாள் வகுக்கும் பேராசிரியப் பெருமக்கள் மறுபாதியையும் கேட்கட்டும். படித்து வைக்கிறோம்.