கூச்சப்படாமல் கேட்டுச் சாப்பிடுங்கள்



சம்பளம் வாங்கிய கையோடு டவுனுக்குப் போகிறோம். மளிகைச் சாமான் வாங்குகிறோம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்குகிறோம். அடகுக் கடைக்கும் ஒரு நடை போய் வருகிறோம். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது. இத்தனை வருஷமாக மூவாருக்குப் போய் வருகிறீர்களே, அங்கே குடும்பத்தோடு உட்கார்ந்து, நிம்மதியாக, அந்த ஊர்ச் சாப்பாட்டை ஒரு வேளையாவது ருசித்திருக்கிறீர்களா?

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சுற்றுப்பயணிகளை ஒரு வழிகாட்டி தெருத் தெருவாக அழைத்துப் போகிறார். "இது இன்ன பதார்த்தம், இதில் இன்னது சேர்ந்திருக்கிறது" என்று விளக்கிச் சொல்லிச் சாப்பிட வைக்கிறார். அதற்குக் கட்டணமும் உண்டு. நமக்கு அந்தச் செலவு வேண்டாம். போக பஸ் இருக்கிறது. கேட்க வாய் இருக்கிறது. வழிகாட்டியாக இன்றைக்கு நான் வருகிறேன்.

புறப்படும் முன் ஒரு வார்த்தை. என் தாயார் பாக்ரி பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். மாதம் ஒரு முறை என்னையும் கூட்டிக்கொண்டு மூவாருக்கு வருவார். வீட்டிலிருந்து கட்டிவந்த புளிச்சோற்றைப் பஸ் நிலையத்துப் பெஞ்சியில் உட்கார்ந்துதான் பிரிப்போம். எதிர்க் கடையில் சாத்தே வாட்டும் புகை மூக்கைத் துளைக்கும். வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிப்பேன். "அது என்ன இறைச்சியோ? கேட்டால் என்ன நினைப்பார்களோ? பேசாமல் சாப்பிடு" என்பார். கையில் காசு குறைவு என்பது உண்மைதான். ஆனால் காசைவிட அவரைத் தடுத்தது கூச்சம். அந்தக் கூச்சத்தை இன்றைக்கும் நம்மில் பலர் மடியில் கட்டிக்கொண்டு திரிகிறோம். அதை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

காலைப் பஸ்ஸைப் பிடியுங்கள். மூவாரில் ஓர் அதிசயம் உண்டு. மற்ற ஊர்களில் சாத்தே மாலைப் பலகாரம். இங்கேயோ காலைப் பசியாறுவதற்கே சாத்தே கிடைக்கும். கூடவே கெத்துப்பாட், கச்சான் குழம்பு, வெள்ளரிக்காய், வெங்காயம். இங்கேதான் முதல் கேள்வி. 'ஆயாம்' என்றால் கோழி. 'கம்பிங்' என்றால் ஆடு. 'லெம்பு' என்றால் மாடு. வெறுமனே 'டாகிங்' என்றாலும் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். 'பெருட்' என்றால் குடல். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், "சாயா தா மாக்கான் லெம்பு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். உணவில் ஆகும், ஆகாது என்பது அவருக்கும் உண்டு. கேட்பவரை அவர் மதிக்கவே செய்வார்.

கூடவே ஒரு கோப்பி. நம் நாட்டுக் கோப்பிக் கொட்டையைச் சீனி சேர்த்துக் கருக வறுப்பதால் அந்தக் கறுப்பும் மணமும் வருகின்றன. இனிப்பு நீர் உள்ளவர்கள் 'கோப்பி ஓ கோசோங்' என்று கேட்டால் சீனி போடாமல் தருவார்கள். வறுக்கும்போது சேர்ந்த சீனி அதிலும் கொஞ்சம் இருக்கும். ஆகவே ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வயிறு நிறைந்ததும் ஆற்றோரமாக நடங்கள். 1930-இல் கட்டி முடித்த சுல்தான் இப்ராஹிம் பள்ளிவாசல் ஆற்றைப் பார்த்து நிற்கிறது. அந்தப் பக்கம் 1967-இல் திறந்த சுல்தான் இஸ்மாயில் பாலம். அதற்கு முன்னே அக்கரை போக ஃபெரியைத்தான் நம்பியிருந்தார்கள். பண்டார் மகாராணி என்ற பழைய பெயர் கொண்ட இந்த ஊரை, 2012-இல் ஜொகூர் சுல்தான் அரச நகரமாக அறிவித்தார். தஞ்சோங் எமாஸ் பூங்காவில் பிள்ளைகள் ஓடியாடட்டும். மதியத்துக்குப் பசி எடுக்க வேண்டுமல்லவா?

மதியம் பத்து பஹாட் சாலையில் போகும் பஸ்ஸில் ஏறி, பாரிட் ஜாவாவில் இறங்குங்கள். 1890-இல் மூவாரிலிருந்து ரயில் ஓடத் தொடங்கியதும் இந்தப் பாரிட் ஜாவாவுக்குத்தான். ரயில் போய்விட்டது. மீனவர்களும் 'அசாம் பெடாஸ்' மீன் குழம்பும் இருக்கிறார்கள். 'அசாம்' என்றால் புளி, 'பெடாஸ்' என்றால் காரம்.

வேலையை விட்டு நின்ற பிறகு என் தாயாரை இங்கே அழைத்து வந்தேன். கடைக்குள் வரத் தயங்கினார். வற்புறுத்தி உட்கார வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது நம்ம புளிக் குழம்புதானேடா! வெந்தயத்துக்குப் பதிலா என்னமோ தழை போட்டிருக்காங்க" என்றார். அப்புறம் நான் எதிர்பாராத காரியம் நடந்தது. அம்மாவே எழுந்து அடுப்படிக்குப் போனார். தமக்குத் தெரிந்த மலாயில், "இது என்ன தழை?" என்று அந்த மலாய் அம்மாளிடம் கேட்டார். 'டாவுன் கெசும்' என்று பெயர் சொன்ன அவர், ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்து, ஈரமான இடத்தில் நட்டால் பிடித்துக்கொள்ளும் என்றும் சொல்லி அனுப்பினார். அம்மா அதை நனைந்த காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார். குழாயடியில் நட்ட அந்தக் கொத்து தழைத்துப் படர்ந்தது. அம்மா இருந்தவரை எங்கள் வீட்டு மீன் குழம்பில் அது விழுந்துகொண்டே இருந்தது.

முப்பது வருஷம் கேட்கக் கூசிய ஒரு கேள்வி. கேட்டபோது ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சரி, மாலையில் மூவாருக்கே திரும்புங்கள். பேர்போன மீ பண்டோங் காத்திருக்கிறது. இந்தப் பண்டோங் இந்தோனேசிய நகரமல்ல. மலாயில் கலவை என்று பொருள் சொல்கிறார்கள். மிளகாய், வெங்காயம், காய்ந்த இறால், பெலாச்சான் அரைத்துக் கொதிக்கவிட்ட சாற்றில் மஞ்சள் மீயைப் போட்டு, முட்டையும் உடைத்து ஊற்றுவார்கள். ஆனால் சாற்றில் வழக்கமாக மாட்டிறைச்சி சேரும். "இறால் மட்டும் போட்டுச் செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்றால் சாப்பிடுங்கள். முடியாது என்றால் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். அதில் அவருக்கும் குறையில்லை, நமக்கும் குறையில்லை.

அடுத்து ஜாலான் ஹாஜி அபு. சீனர் ஒட்டுக்கடைகள் வரிசையாக நிற்கும் சாப்பாட்டுத் தெரு. சிப்பி போட்ட முட்டைப் பொரியலான 'ஓ சியான்' இங்கே பிரசித்தம். இந்தத் தெருவில் பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் புழங்கும். ஆகவே நம் முஸ்லிம் வாசகர்களும், வேண்டாம் என்று இருக்கும் மற்றவர்களும் இங்கேயும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போக 'ஓத்தாக் ஓத்தாக்' வாங்குங்கள். மீன் விழுதை மசாலாவும் தேங்காய்ப் பாலும் சேர்த்து, ஓலையில் மடித்து நெருப்பில் வாட்டியது. வீட்டில் காத்திருக்கும் பாட்டிக்கு அதுதான் நல்ல பரிசு.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறீர்களா? ஆளுக்கு ஒரு தட்டு வாங்காதீர்கள். ஒரு தட்டை நாலு பேர் பகிருங்கள். நாலு கடையை ருசிக்கலாம். சாத்தேயைக் குச்சிக் கணக்கில் வாங்கலாம். வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர்கள் வேறு நாள் பாருங்கள். நோன்பு மாதத்தில் மலாய்க்காரர் கடைகள் பகலில் திறந்திருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பார்த்தீர்களா, இதுவும் கேட்கிற காரியம்தான்!

நம் பாட்டன் பூட்டன் இந்த வட்டாரத்தில் மரம் வெட்டிப் பாலெடுத்தார்கள். அவர்கள் எடுத்த பாலால் இந்த ஊர்க் கடைத்தெருவும் வளர்ந்தது. அங்கே போய் உட்கார நமக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். தோட்டத்தில் இருந்தாலும் தாமானில் குடியேறிவிட்டாலும், அடுத்த சம்பளத்தில் ஒரு சிறு தொகையை இதற்கென்று எடுத்து வையுங்கள். வீட்டில் வயதான தாயார் இருந்தால், முதல் நாற்காலியை இழுத்து அவரை உட்கார வையுங்கள்.