கில்லரை விடுங்க, குழந்தை எங்கே?

2018-இல் வந்த 'ராட்சசன்' படத்தை ஹாஸ்டல்ல நடுராத்திரி பார்த்துப் பயந்திருப்பீங்க. நானும்தான். அதுல காணாமல் போன பெண்களின் பெயர் எத்தனை ஞாபகம் இருக்கு? வில்லனோட ஃபிளாஷ்பேக்கை மட்டும் சீன் பை சீன் சொல்வீங்க. நம்ம த்ரில்லர்கள்ல குழந்தை வெறும் ஸ்டார்ட் பட்டன்.

எஸ்.யு.அருண்குமாரின் 'சித்தா' (2023) எனக்குப் பிடிச்சதே இதனாலதான். பழனியில் நடக்கும் கதை. பதற்றம் இருக்கு, தேடல் இருக்கு. ஆனா குழந்தை கிடைச்ச பிறகும் படம் முடியல. அவளுக்கு இனி என்ன தேவை என்று கேட்கிறது. பழிவாங்கும் வெறி பெரியவங்களுக்குத்தான், அவளுக்கு இல்ல.

இன்னொரு கோபமும் உண்டு. "24 மணி நேரம் கழிச்சு வாங்க" என்று சினிமா போலீஸ் சொல்றதை நாம சட்டம்னே நம்பிட்டோம். அப்படி எதுவும் கிடையாது. குழந்தையைக் காணோம்னு புகார் வந்தா எஃப்.ஐ.ஆர். போடணும்னு உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிடுச்சு. 1098-க்கும் கூப்பிடலாம். எங்க மாகறல் கோயில் திருவிழாவுல ஒரு குழந்தை கைதவறினா மைக்ல சொன்னதும் ஊரே தேடும். பெரிய ஊர் பஸ் ஸ்டாண்டுல யார் தேடுவா?

குறும்படம் எடுக்கப்போற ஜூனியர்ஸ், கில்லரோட ரூம்ல கேமராவை வைக்காதீங்க. ஸ்டேஷன் வாசல்ல போட்டோவோட நிக்கிற அம்மா பக்கத்துல வைங்க.