மறைத்து விழுங்கும் குளிசை

2008 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூரின் அரச வைத்தியசாலைகளில் 150 பேர் ஒரே விதமான ஆபத்துடன் அனுமதிக்கப்பட்டனர். அவர்களின் இரத்தத்தில் சர்க்கரையின் அளவு மிக மோசமாக வீழ்ந்திருந்தது. எவரும் நீரிழிவு நோயாளர் அல்லர். ஒருவரைத் தவிர அனைவரும் ஆண்கள். அவர்களுள் நால்வர் பின்னர் உயிரிழந்தனர். ஆண்மையைப் பெருக்கும் என்று சட்டவிரோதமாக விற்கப்பட்ட குளிசைகளிலும் 'மூலிகை' மருந்துகளிலும் நீரிழிவுக்கான கிளைபென்கிளமைட் கலந்திருந்தமை ஆய்வில் தெரியவந்தது.

வைத்தியரிடம் வாய் திறக்க வெட்கப்பட்டு, முகமறியா வியாபாரியை நம்புவதன் விலை இதுதான்.

விறைப்புக் குறைபாட்டுக்கான மருந்து தன்னளவில் கெட்டதல்ல. நெஞ்சு வலிக்கென ஆராயப்பட்ட சில்டெனாபில், வேறொரு பயனைக் காட்டியதால் வயாகரா என்னும் பெயரில் 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் பின்னர் உலகெங்கும் எண்ணற்றோர் அதனால் பயனடைந்துள்ளனர். ஆனால் அது இரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்து. நெஞ்சு வலிக்கு நாவின் கீழ் வைக்கும் நைட்ரேட் குளிசையும் அதையே செய்கிறது. இரண்டும் உடலில் சந்தித்தால் இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிரே போகலாம். சில்டெனாபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும், டாடலாபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கொடுக்கலாகாது என்பது மருத்துவ விதி.

இங்கேதான் மௌனம் கொல்கிறது. நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்கு வரும் ஒருவர், மனைவியும் மகனும் அருகில் நிற்கையில், தாம் விழுங்கிய குளிசையைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறார். வைத்தியரோ அறியாமல் நைட்ரேட்டைக் கொடுக்கிறார். இத்தகைய வேளையில் நோயாளியைத் தனியாக விசாரிப்பது வைத்தியரின் கடமை. மறைக்காமல் சொல்வது நோயாளியின் கடமை.

புரொஸ்டேட் வீக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சிலவகை மருந்துகளை உட்கொள்வோரும், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ கண்டோரும் வைத்தியரைக் கேளாமல் இதனைத் தொடலாகாது. கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் மருந்து வேலை செய்யத் தாமதமாகும். அதை அறியாமல் இரண்டாவது குளிசையை விழுங்குவது அறிவீனம். ஒரு நாளில் ஒரு தடவைதான். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, பார்வை திடீரென மங்கினாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

இன்னுமொன்று. உறுப்புக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் இருதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. ஆதலால் அடைப்பின் அறிகுறி முதலில் அங்கே தோன்றக்கூடும். இக்குறைபாடு சிலருக்கு நீரிழிவின், இருதய நோயின் முன்னறிவிப்பாகும். களவாக வாங்கிய குளிசை அந்த எச்சரிக்கையை மூடிவிடுகிறது.

இதில் எமது தொழிலுக்கும் பங்குண்டு. நான் பணியாற்றிய பத்திரிகை ஒன்றில், 'இழந்த ஆண்மையை மீட்கலாம்' என்ற விளம்பரங்கள் வாராவாரம் தடையின்றி வெளியாகின. இவ்விடயம் பற்றி ஒரு வைத்தியர் எழுதிய கட்டுரையோ, குடும்பத்தினர் படிக்கும் ஏடு என்ற காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டது. அந்த முடிவு எடுக்கப்பட்ட மேசையில் நானும் அமர்ந்திருந்தேன். எதிர்த்துப் பேசவில்லை. காசு கொடுத்த பொய்க்கு இருந்த இடம், இலவசமாக வந்த உண்மைக்கு இருக்கவில்லை.

பிரித்தானியாவில் 2018 முதல் இம்மருந்தின் ஒரு வகையை வைத்தியரின் சீட்டு இன்றியே மருந்தகத்தில் பெறலாம். ஆயினும் இருதய நலம் பற்றியும் ஏனைய மருந்துகள் பற்றியும் மருந்தாளர் விசாரித்த பின்னரே அது கைக்கு வரும். சீட்டைக் கைவிட்டவர்கள்கூடக் கேள்வியைக் கைவிடவில்லை. எங்கள் சமூகத்தில் கேட்கப்படாதிருப்பதும் அந்தக் கேள்விதான். வெட்கம் ஐந்து நிமிடத்தில் தீரும். உயிர் போனால் திரும்பாது.